தொட்டிப்பெயர்ப்பு: ஒற்று வேண்டுமா, வேண்டாமா?

அன்பு நண்பர்களுக்கு மதுரையிலிருந்து வணக்கம்.

தொட்டிச் செடியை வெளியே எடுத்துப் புது மண்ணில் மறுபடி தொட்டியில் வைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபாட்டிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் மறுதொட்டியிடல், மறுநடவு, தொட்டி மாற்றம், தொட்டிப்பெயர்ச்சி என்று நம் குழுவில் நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. வீட்டுச் செடி வளர்ப்பு பற்றிய அறிமுகக் குறிப்பில் எதை எழுதுவது என்று அதைத் தொகுப்பவர் கேட்டிருக்கிறார். நான்கிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

> ரீ என்றால் மறு, பாட் என்றால் தொட்டி. எனவே மறுதொட்டியிடல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, விவாதிக்க நிறைய இருக்கிறது. ஆங்கில முன்னொட்டு வந்த இடத்திலெல்லாம் 'மறு'வை ஒட்டவைக்கும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி 'மறுதாம்பு' என்று சொன்னால் அதில் பொருள் இருக்கிறது: வெட்டிய கட்டையே மறுபடி தழைக்கிறது. 'தொட்டியிடல்' அப்படிப் புழக்கத்தில் உள்ள வினை அன்று. இல்லாத வினைக்கு 'மறு' போட்டு என்ன பயன்?

மறுநடவு நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. சாலையை அகலப்படுத்தும்போது வேரோடு எடுத்த மரத்தை வேறிடத்தில் ஊன்றுவதற்குச் செய்தித்தாள்கள் அதைத்தான் எழுதுகின்றன. வராந்தாவில் தொட்டியில் நிற்கும் அக்லோனிமா என்ற அழகுச் செடிக்கும் அதே சொல் என்றால் படிக்கிறவர் குழம்புவார்.

'தொட்டி மாற்றம்' மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அது வேலையின் ஒரு பகுதியை மட்டும்தான் சொல்கிறது. இதை விளக்க, செடிக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இலைக்காக வளர்க்கும் செடிகளில் பல சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணி பிளான்டின் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரேயா தீவு. மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுவது. (வேரை வெட்டும்போது கை அரிக்கிறதே என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். சேம்பிலும் சேனையிலும் அரிக்கிற அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.) காட்டில் இடம் தேடி ஓடும் வேர், தொட்டியில் சுவரை முட்டித் திரும்பி, சுவரை ஒட்டியே சுற்ற ஆரம்பிக்கிறது. இதற்கிடையில் தொட்டி மண்ணில் கலந்த தென்னைநார்த் தூள் மக்கி இறுகிக் காற்று புகாமல் போகிறது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக வழிந்து, அடித்துளை வழியே உடனே ஓடிவிடுகிறது. துளையில் வேர் எட்டிப் பார்க்கும். அப்போதுதான் செடியை வெளியே எடுக்கிறோம்.

விளாச்சேரி மண்தொட்டியில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து இரண்டு தட்டு தட்டினால் செடி வழுக்கி வந்துவிடும். சுட்ட மண்ணோ நுண்துளை உள்ளது. வேர் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் விளிம்பை ஒட்டி நீளக் கத்தியைச் சுற்றிவர விட்டால்தான் அசைந்து கொடுக்கும். வெளியே வந்ததும் தொட்டியின் வடிவம் அப்படியே வேரில் இருக்கும்: வெள்ளையும் பழுப்புமாக அடுக்கடுக்கான வளையங்கள், அடியில் துளையை அடைத்துக்கொண்ட ஒரு முடிச்சு, அந்த முடிச்சுக்குள் எப்போதோ வைத்த ஓட்டாஞ்சில்லு. வளையங்களை விரலால் பிரித்துவிடுகிறோம். கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டுகிறோம். புதுக் கலவையில், முன்பு நின்ற அதே உயரத்தில் வைக்கிறோம்.

இத்தனையிலும் தொட்டி மாறியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவு போதும் என்றால் அதே தொட்டியைக் கழுவிப் புது மண் போட்டு வைக்கலாம். வேர் அழுகி வெட்டிய செடியைச் சிறிய தொட்டிக்கு இறக்கவும் நேரும். பெரிதாக்கினாலும் விட்டத்தில் இரண்டு அங்குலம் கூட்டினால் போதும். அதற்கு மேல் போனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, இருக்கிற வேரையும் அழுக வைத்துவிடும். ஆகவே வேறு தொட்டிக்குப் போவதற்கு மட்டும் 'தொட்டி மாற்றம்', அதே தொட்டியில் மண்ணைப் புதுப்பிப்பதற்கு 'மண் மாற்றம்'. இரண்டும் நர்சரிக்காரர்கள் சொல்வதுதான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவை.

> தொட்டிப்பெயர்ச்சி என்று வைத்தால் எல்லோருக்கும் நினைவில் நிற்கும்.

இதை முன்மொழிந்த அம்மாவுக்கு ஒரு சபாஷ். குரு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறையும் சனி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையும் வீடு மாறுவதைப் போல, விறுவிறுவென வளரும் மணி பிளான்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மெல்ல வளரும் ஸ்னேக் பிளான்டுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பரிகாரமும் உண்டு: பெயர்ந்த பின் சில வாரம் நிழல், உரம் கூடாது. ஆனால் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. குரு தானாகப் பெயர்கிறார், ஆகவே பெயர்ச்சி. செடியை நாம் பெயர்க்கிறோம். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆனதுபோல இதுவும் பெயர்ப்பு ஆகவேண்டும்.

இங்கேதான் ஒற்றுப் பிரச்சினை. 'தொட்டிபெயர்ப்பு' என்று 'ப்' இல்லாமல் எழுதினால் அது மொழிபெயர்ப்பைப் போல இரண்டாம் வேற்றுமைத் தொகை: தொட்டியைப் பெயர்ப்பது. மொட்டைமாடித் தளத்தோடு ஒட்டிப்போன சிமென்ட் தொட்டியைக் கடப்பாரையால் நெம்புவதற்கு அது பொருந்தும். நமக்கு வேண்டியது தொட்டியிலிருந்து பெயர்ப்பது. கனியிலிருந்து பிழிந்த சாறு கனிச்சாறு ஆகி ஒற்று மிகுவதுபோல, இதுவும் 'தொட்டிப்பெயர்ப்பு'. ஒற்றை விட்டுவிட்டால் பொருள் மாறிவிடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. வினையாக எழுதும்போது மட்டும் 'தொட்டிபெயர்த்தேன்' வேண்டாம். 'செடியைப் பெயர்த்து வைத்தேன்' என்றே எழுதலாம். ஒத்தக்கடைப் பக்கம் செடி வாங்கப் போனால் காதில் விழுவதும் அதுதான்.

அடுத்து, 'ரூட் பால்' என்பதற்கு வந்த 'வேர்ப்பந்து'. இதை யார் முன்மொழிந்தாலும் எதிர்ப்பேன். செடியை எடுக்கும்போது வேரோடு ஒட்டி வரும் மண்ணுக்குத் 'தாய்மண்' என்ற பெயர் பல காலமாக இருக்கிறது. 'தாய்மண் உதிராமல் எடுக்க வேண்டும்' என்று சொல்லாத தோட்டக்காரர் உண்டா? தேசபக்திப் பாடல் போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் தயங்கினார். 'செடியின் தாய்மண்' என்று எழுதினால் யாரும் கொடியேற்றக் கிளம்ப மாட்டார்கள். ஆந்திரத்தின் கடியத்திலிருந்து வரும் செடிகள் பலவும் பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு வருகின்றன. அந்தத் தாய்மண்ணை மெல்லக் கரைத்து எடுக்காவிட்டால், புதுக் கலவையில் ஊற்றும் தண்ணீர் சுற்றி ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். இப்படி ஒரு வாக்கியத்தை வேர்ப்பந்தை வைத்து எழுதிப் பாருங்கள்.

அதேபோல், தொட்டித் துளைமேல் வைக்கும் ஓட்டுத் துண்டுக்கு 'வடிகால் சில்லு' என்று புதிதாக ஒன்றை ஆக்கத் தேவையில்லை. ஓட்டாஞ்சில்லு இருக்கிறது. துளை வழியே மண் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை என்பதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அடியில் சரளைக்கல் பரப்பினால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்ற நம்பிக்கை தவறு. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கத்தான் செய்யும்.

காலத்தைப் பற்றி ஒரு வரி. குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து 'வசந்தத்தில் செய்க' என்று எழுதிவிடாதீர்கள். அந்த மார்ச், ஏப்ரலை நம்பிப் பெயர்த்து வைத்தால், வேர் பிடிப்பதற்குள் மதுரைக் கத்திரி வெயில் வந்துவிடும். ஆவணியில் மாலை மழை தலைகாட்டிய பிறகு செய்தால் செடி தாங்கும்.

பாக்கியிருப்பது தொட்டிச் சுவரை ஒட்டி வேர் வளையம் போட்டுவிட்ட நிலைக்கான சொல். 'வேர்ச்சுற்று' என்பது என் விருப்பம். 'வேரடைப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது இரத்தக் குழாய் அடைப்பை நினைவூட்டினாலும், துளை அடைபட்டுத் தண்ணீர் தேங்கும் நிலையைச் சரியாகவே சொல்கிறது. இரண்டையும் வெவ்வேறு நிலைகளுக்கு வைத்துக்கொள்ளலாமா? பயிரியல் படித்தவர்கள் எழுதுங்கள்.