புங்க பயோடீசல் கலந்ததிலிருந்து லோடில் திணறும் இன்ஜின்: நாசிலா, பில்டரா?

பம்புசெட்: பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின். டீசலில் 20 சதவீதம் புங்க எண்ணெய் பயோடீசல் கலந்து ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் குறையே இல்லை. இப்போது லோடு ஏற்றினால் திணறுகிறது. புது பில்டர் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். டீசலைத் தூவும் நாசில் போய்விட்டதா?

டீசல்கை: பில்டர் மாற்றினால் சரியாகிறதே, அப்புறம் நாசிலை ஏன் சந்தேகிக்க வேண்டும்? பழைய பில்டரை அறுத்துப் பாருங்கள். கருப்புச் சேறு என்றால் டேங்கில் படிந்திருந்த அழுக்கை பயோடீசல் கரைத்துக் கிளப்பியிருக்கிறது. டேங்கைக் கழுவினால் போதும். மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் குளிரில் உறைந்தது. கருப்பாக, வழவழப்பாக இருந்தால் தண்ணீர் இறங்கிக் கிருமி வளர்ந்திருக்கும்.

பம்புசெட்: அறுத்தாயிற்று. சேறு இல்லை. தாள் மடிப்பெல்லாம் பழுப்புப் பிசின், விரலில் ஒட்டுகிறது.

எஸ்டர்: எண்ணெய் முழுதாகப் பயோடீசலாக மாறவில்லையோ என்று தோன்றுகிறது. புங்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகம். அதை முதலில் அமிலம் சேர்த்துக் குறைக்காமல் நேரே காரம் (அல்கலி) போட்டால் பாதி சோப்பாகிவிடும், மீதி அரைகுறையாக நிற்கும். டீசல் கலக்காத பயோடீசலில் 3 மில்லி எடுத்து 27 மில்லி மெத்தனாலில் குலுக்கி வையுங்கள். நல்லதென்றால் தெளிவாகக் கரையும். மெத்தனால் விஷம்; கையுறை போட்டு, வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

பம்புசெட்: அடியில் மஞ்சளாக எண்ணெய் தங்கிவிட்டது.

எஸ்டர்: அதுதான் மாறாத எண்ணெய். டீசலைவிடப் பல மடங்கு கெட்டி, சரியாகத் தூவாது.

தோட்டக்காரன்: பயோடீசலாக மாற்றாத பச்சை எண்ணெயைச் சூடாக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே?

டீசல்கை: இருக்கிறார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி டீசலுக்கு வருவார்கள். அதற்குத் தனி டேங்க், ஹீட்டர் எல்லாம் வேண்டும்; இது அந்த ஏற்பாடு இல்லை. பம்புசெட், டேங்கை வடித்து, சுத்தமான டீசலில் ஓட்டுங்கள். அப்புறம் நாசிலின் தூவலைச் சோதியுங்கள், கரி பிடித்திருக்கலாம். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியையும் பாருங்கள்: அளவு ஏறியிருந்தாலோ கெட்டியாகியிருந்தாலோ ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள். எரியாத எண்ணெய் கீழே இறங்கினால் ஆயில் கூழாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பம்புசெட்: மீதி பயோடீசலைக் கொட்டிவிடவா?

எஸ்டர்: கொட்ட வேண்டாம். ஈரம் போகச் சூடாக்கி ஆறவைத்து, அமில அளவு பார்த்து, மெத்தனாலும் காரமும் சேர்த்து இன்னொரு சுற்று விடலாம். கழுவி உலர்த்தி அதே சோதனையைச் செய்யுங்கள். கரைந்தால் மட்டும் கலக்குங்கள்.