மாரித் தோட்டத்துக்கு விதையா, கன்றா?

கேள்வி (மாங்குளம்): ஐப்பசி மழையோட வீட்டுத்தோட்டம் தொடங்கப் போறன். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, பாகல். விதை போடுறதா, கன்று வாங்கிறதா?

பதில்: வெண்டி, பயிற்றை, பாகலுக்குக் கன்று வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ. நேர விதைதான். குழிக்கு 2 விதை, ஒரு அங்குல ஆழம். பாகல் விதையை மட்டும் இரவு ஊறப்போடுங்கோ. மிச்ச முளையைக் கிள்ளி விடுங்கோ, பிடுங்கினா பக்கத்துக் கன்றின்ர வேரும் ஆடும்.

பதில்: கத்தரி, மிளகாய், தக்காளி அஞ்சாறு கன்றுதான் தேவையெண்டா வாங்கிறது சுகம். இலையைப் பிரட்டிப் பாருங்கோ: அடியில வெள்ளை ஈ, நுனியில சுருள் இருந்தா வேண்டாம். பூத்து நிக்கிற கன்றுக்கு ஆசைப்படாதேங்கோ, பையுக்குள்ள வேர் சுருண்டு கிடக்கும். 4–6 இலை காணும்.

பதில்: கூட வேணுமெண்டா நாற்றுமேடைதான் அண்ணை. அரையடி உயர்த்தி, மேல்மண்ணும் உக்கின மாட்டெருவும் சமனாக் கலந்து, விதையை அரை அங்குலத்துக்கு மேல ஆழம் போகாமல் வரிசையாப் போடுங்கோ. நெருக்கித் தூவி ஈரமும் தேங்கினா, தண்டு மண்மட்டத்தில நூலா மெலிஞ்சு சாயும். அது நாற்றழுகல், சாய்ஞ்சதை எந்த மருந்தும் நிமித்தாது. தண்ணி காலமையில விடுங்கோ. மேடைக்கு மேல வெயிலுக்குப் போட்ட கிடுகு மறைப்பை நடுறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் எடுத்திடுங்கோ. தக்காளி 3–4 கிழமையில, மிளகாய் 5 கிழமையில பிடுங்கி நடலாம். நடுகை பின்னேரத்தில.

கேள்வி: வாங்கின கத்தரி பச்சையா நிண்டபடியே வாடினா?

பதில்: அடித்தண்டை வெட்டி கிளாஸ் தண்ணியில பிடியுங்கோ. வெள்ளையாப் புகை மாதிரி இறங்கினா பக்ரீறியா வாடல். பிடுங்கி எரியுங்கோ, அந்த இடத்தில தக்காளி, மிளகாயும் வைக்காதேங்கோ.