நோட்டின் பின்பக்கம்: கடன் வழக்கில் நின்றவர்களின் அனுபவங்கள் (புனைபெயர்களில்)

பழைய வாதி:
கூட வேலை பார்த்தவருக்குக் கடன் கொடுத்தேன். மூன்றரை லட்சம், 2015 ஜூன், புரோநோட்டு. ஸ்டாம்பு ஒட்டி அதன் மேலேயே கையெழுத்து, எல்லாம் முறைப்படி. 2016-லும் 2017-லும் வட்டியை ரொக்கமாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நோட்டை எடுத்து, "பின்னால் வரவு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றேன். "நமக்குள்ளே எதுக்கு அண்ணே அதெல்லாம்" என்றார். நானும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அப்புறம் பணம் வரவில்லை. வழக்குப் போட்டது 2018 ஜூலைக் கடைசியில்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. நோட்டை என் கையில் கொடுத்து, "இது நீங்கள் தாக்கல் செய்ததுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "திருப்புங்கள்." திருப்பினேன். "என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்." எனக்கு வாய் வரவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "வா.சா.ஆ.1-ன் பின்பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் சரிதான்" என்று பதிவானது. வா.சா.ஆ.1 என்றால் வாதி தரப்பின் முதல் சான்றாவணம், அந்த நோட்டுதான்.

கையெழுத்து அவருடையதுதான், பணம் வாங்கியது உண்மைதான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் தள்ளுபடி. வழக்குப் போட நோட்டுத் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, அது தாண்டிவிட்டது. வட்டி கட்டியதற்கு அவர் கைப்பட ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும்.

வாய்தா:
உங்கள் வக்கீல் கொரோனா காலத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்கவில்லையா? 15.03.2020 முதல் 28.02.2022 வரை காலக்கெடுக் கணக்கில் சேராது என்று உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. என் மாமனார் வழக்கு அதனால்தான் பிழைத்தது. உங்கள் வக்கீல் கோட்டை விட்டிருக்கிறார்.

பழைய வாதி:
என் கெடு 2018 ஜூனிலேயே முடிந்துவிட்டது சார், கழிக்க ஒன்றும் இல்லை. வக்கீலைச் சொல்லாதீர்கள். நோட்டைக் கொண்டுபோன அன்றைக்கே அவர் முதலில் திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தைத்தான்.

சாட்சிக் கையெழுத்து:
நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சிநேகிதன் கொடுத்த கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். பணம் காலையிலேயே கைமாறிவிட்டது. சாயங்காலம் கூப்பிட்டு, "இதில் ஒரு கையெழுத்துப் போடுடா" என்றான். போட்டேன். நாலு வருடம் கழித்துக் கூண்டில் கேட்கிறார்கள்: "பணம் எண்ணிக் கொடுத்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

சிநேகிதன் பின்வரிசை பெஞ்சில் இருந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். பார்க்கவில்லை என்றேன்.

வழக்கில் அவன்தான் ஜெயித்தான். எதிராளி கையெழுத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், பணம் கைமாறியது என்றே அனுமானிக்க வேண்டும், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-வது பிரிவு. அதை உடைக்க எதிராளியிடம் ஒன்றும் இல்லை. புரோநோட்டுக்குச் சாட்சியே கட்டாயமில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. என் பதிலால் அவனுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சத்தியம் செய்துவிட்டுப் பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

வெற்றுச் செக்:
எல்லோரும் கொடுத்தவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் வாங்கியவன், திருப்பியும் கொடுத்தவன். இரண்டு லட்சத்துக்கு ஈடாகக் கையெழுத்து மட்டும் போட்ட செக். மூன்று தவணையில் ரொக்கமாக அடைத்தேன். செக்கைக் கேட்டால், "எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன்" என்றார். அடுத்த வருடம் செக் திரும்பிவிட்டது என்று 138-வது பிரிவு நோட்டீஸ், நாலு லட்சத்துக்கு.

கோர்ட்டில் அந்தச் செக்கைக் காட்டினார்கள். என் கையெழுத்து நீல மை. பெயர், தொகை, தேதி எல்லாம் கறுப்பு மை, வேறு கை. பார்த்தாலே தெரிகிறதே, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அனுமானம் செக் வைத்திருப்பவர் பக்கம்தான், 2019 பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று என் வக்கீலே எடுத்துக் காட்டினார். அடைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. சமரசம் பேசி இன்னொரு முறை கட்டினேன்.

பழைய வாதி, வரவு எழுதாமல் போனதில் நஷ்டப்படுவது கொடுத்தவர் மட்டும் இல்லை. வாங்கியவர் எல்லோரும் மோசடிக்காரர் மாதிரி பேச வேண்டாம்.

டிக்ரிதாரர்:
எனக்கு டிக்ரியே (பணத்தைத் தரச் சொல்லும் தீர்ப்பாணை) கிடைத்தது. நிறைவேற்று மனு போட்டு கோர்ட் அமீனாவோடு போனபோது, கடன் வாங்கியவருடைய வயதான அம்மா உள்ளே போய் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். வீடு பேத்தி பெயருக்கு தான செட்டில்மெண்ட். நான் வழக்குப் போட்டதற்கு முந்தைய வாரத் தேதி. கடன் கொடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் தனி வழக்கு இப்போது நடக்கிறது.

சரி, இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வங்கி வழியாக அனுப்புங்கள். ஆனால் அனுப்பியதைக் காட்டினால் மட்டும் போதாது. "எனக்கு வரவேண்டிய பழைய பாக்கியைத்தான் கொடுத்தார்" என்பார்கள். கடன் என்ற சொல் எங்காவது அவர் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அந்தப் போனைத் தூக்கிப் போடாதீர்கள். அச்செடுத்து நீட்டினால் ஏற்க மாட்டார்கள், மின்னணுச் சாட்சியத்துக்கான பழைய 65பி சான்றிதழ் (இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63(4)) கூடவே வேண்டும். 20,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடனே செல்லாது என்று பலர் பயமுறுத்துவார்கள். பெரிய தொகையை ரொக்கக் கடனாக வாங்குவதைத் தடுக்கும் 269எஸ்எஸ் பிரிவை (1961 வருமான வரிச் சட்டம்) மீறினால் அபராதம் வரலாம், அதனாலேயே கடன் செல்லாததாகிவிடாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. செக் திரும்பினால் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவர் கைக்குப் போய் 15 நாள் பணம் கட்ட அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். காவல் நிலையத்துக்கு அலைந்தால் பெரும்பாலும் சிவில் விவகாரம் என்று முடித்துவிடுவார்கள், அந்த அலைச்சலில் நாள் போய்விடும். சொத்தை விற்கப் போகிறார் என்று தெரிந்தால் வழக்கோடு சேர்த்தே தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கு மனுப் போடுங்கள். நான் அதைச் செய்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது, அவர் அதற்கும் ஒரு வாரம் முன்னால் இருந்தார். முக்கியமானது, மூன்றாம் வருடம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். கெடு முடிந்த பிறகு பாக்கி உண்டு என்று மட்டும் எழுதி வாங்கினால் பலன் இல்லை, தருகிறேன் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தால்தான் நிற்கும்.

வாய்தா:
அதற்குத்தான் முதலிலேயே நல்ல வக்கீலாகப் பார்க்க வேண்டும் என்றேன்.

பழைய வாதி:
டிக்ரிதாரர் ஐயா, இதெல்லாம் இப்போது எனக்கும் தெரியும். வெற்றுச் செக் நண்பரே, என்னிடம் வாங்கியவரை மோசடிக்காரர் என்று நான் எங்கும் எழுதவில்லை. வட்டி கொண்டுவந்த அன்றைக்கு அவர் மனசார "நமக்குள்ளே" என்றுதான் சொல்லியிருப்பார், அதை இப்போதும் நம்புகிறேன்.

அப்பீலுக்காக நகல் மனு போட்டு வாங்கினேன். நோட்டை இரண்டு பக்கமும் நகலெடுத்துக் கொடுத்தார்கள். பின்பக்கத் தாளில் கோர்ட் முத்திரையும் சான்றாவண எண்ணும் மட்டும் இருக்கின்றன. அப்பீல் போடவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.