மெக்சிகோ நகரசபையின் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்பானியர் ஆட்சியில் மெக்சிகோ நகரத்தை நிர்வகித்த சபைக்குக் 'கபில்தோ' என்று பெயர். அதன் கூட்டக் குறிப்புகள் 1524 மார்ச் முதல் கிடைக்கின்றன. யாருக்கு எந்த மனை, இறைச்சி என்ன விலை, குடிநீர்க் கால்வாயை யார் பழுது பார்ப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1692 ஜூன் 8 அன்று சோளத் தட்டுப்பாட்டால் கலவரம் மூண்டு சபைக் கட்டடம் எரிந்தபோது, அறிஞர் சிகுவென்சா இ கொங்கோரா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓடி இந்தக் கட்டுகளை மீட்டார். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு!

சரி, என் சிக்கலுக்கு வருகிறேன். சபுல்தெபெக் ஊற்றிலிருந்து அந்த நகரத்துக்கு வந்த தண்ணீர் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அச்சான பிரதியைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எழுத்தர் பேனாவைத் தூக்கவே இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. 'மேற்சொன்ன' என்று பொருள்படும் 'திச்சோ'வை மூன்றெழுத்தாக்கி, மேலே ஒரு கோடு இழுத்துவிடுகிறார். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு இரவு ஆனது.

இந்தச் சங்கிலி எழுத்தைப் படித்துப் பழகியவர்கள் இருந்தால், நான்கே பக்கம், பார்த்துச் சொல்ல முடியுமா? அப்புறம், இந்தச் சபையின் உறுப்பினரைக் குறிக்கும் 'ரெகிதோர்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்? 'கவுன்சிலர்' என்றால் நம் வார்டு கவுன்சிலர் நினைவுக்கு வருகிறார். அங்கே பிற்காலத்தில் அந்தப் பதவியை விலைக்கே விற்றார்கள். படங்களைக் கேட்பவர்களுக்கு உடனே அனுப்புகிறேன்.