குருவி நிற்கும் நீலம்: வில்லியம் மாரிஸின் வேலையை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

(பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வடிவமைப்பாளர் மாரிஸின் துணி, சுவர்த்தாள், புத்தகம் பற்றிச் சிலர் புனைபெயரில் மாறி மாறி எழுதிய குறிப்புகள்.)

அவுரித்தொட்டி:

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மாரிஸின் ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ சீட்டித் துணி, அதாவது அச்சடித்த பருத்தித் துணி, இருக்கிறது. 1883-இல் வந்தது. அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் பழம் கொத்த வந்த குருவிகள்தான் படம். பார்க்கப் போகிறவர்கள் குருவியை விட்டுவிட்டு முதலில் அடியிலுள்ள நீலத்தைப் பாருங்கள். அது அச்சடித்த நீலமல்ல. துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் முக்கிக் கருநீலமாக்கிவிட்டு, படம் வர வேண்டிய இடத்தில் மட்டும் வெளுக்கும் பசையைக் கட்டையால் அச்சடித்து நீலத்தை எடுத்திருக்கிறார்கள். பசை வீரியமாக இருந்தால் அந்த இடம் வெள்ளை. வீரியத்தைக் குறைத்தால் பாதி நீலம் நிற்கும். வெளிர்நீலம் வந்தது அப்படித்தான். வீரியம் மிஞ்சிப்போனால் பருத்தி நூலே இற்றுவிடும், பிறகு படம் இருந்த இடத்தில் ஓட்டைதான்.

வெளுத்த இடத்தில் சிவப்பு வேண்டுமென்றால் சாயம் ஊன்றுவதற்கான உப்பை முதலில் அச்சடித்து, துணியை மறுபடி சாயத்தில் போட வேண்டும். சிவப்பு அலிசரின், மஞ்சட்டி வேரில் உள்ள சாயப்பொருளும் அதுவே. அடுத்தது வெல்ட் என்ற செடியின் மஞ்சள். இலைப்பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது, வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை. ஒவ்வொரு சுற்றுக்கும் துவைப்பு, உலர்ப்பு என்று பல நாள் வேலை. அவர் கம்பெனியின் பருத்தித் துணிகளிலேயே அதிக விலை போனவற்றில் இதுவும் ஒன்று.

அவுரி தண்ணீரில் கரையாது, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காற்றுப்படாமல் அதை நிறமிழக்கச் செய்து, சுண்ணாம்பு போன்ற காரத்தில் கரைக்க வேண்டும். பருத்திக்கு அன்றைய சாயக்காரர்கள் வைத்த தொட்டியில் அவுரி ஒரு பங்கு என்றால் அன்னபேதி (இரும்பு உப்பு) இரண்டு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டரைப் பங்கு என்பது ஏறத்தாழ வழக்கம். கம்பளிக்குத் தவிடு போட்டுப் புளிக்க வைக்கும் தொட்டி. கை பொறுக்கும் சூட்டில், 50 பாகை செல்சியஸை ஒட்டி வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு கட்டுமீறி அவுரியையே தின்றுவிடும். கூடினால் புளிப்பு நின்றுபோகும். தெளிவு மஞ்சள்பச்சையாக, மேலே செம்பு மினுக்கோடு நீல நுரை கட்டினால் தொட்டி பிடித்துவிட்டது என்று அர்த்தம். துணி பச்சையாக வெளியே வந்து காற்றுப்பட்ட பிறகுதான் நீலமாகும். உள்ளே மடிப்பில் காற்றுக் குமிழி தங்கினால் அங்கே திட்டு விழும்.

சீட்டிக்காரி:

அண்ணே, தண்ணீரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 1875 முதல் இங்கிலாந்தின் லீக் ஊரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறையில் தொட்டிக்குள் கைவிட்டுப் பழகிய மனிதர் மாரிஸ். 1881-இல் தன் பட்டறைக்கு லண்டனை ஒட்டிய மெர்ட்டன் அபி என்ற இடத்தைப் பிடித்ததற்கு வாண்டில் ஆறு ஒரு முக்கியக் காரணம். சுண்ணப்பாறையில் ஊறி வரும் ஆறு அது. மஞ்சட்டிச் சிவப்புக்குக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெறும் மழைநீரில் அந்தச் சிவப்பு சோர்ந்துதான் நிற்கும். மஞ்சட்டித் தொட்டியைக் கொதிக்க விடுவது எல்லாரும் செய்கிற தப்பு. மெதுவாகச் சூடேற்றி, கொதிக்குமுன் நிறுத்த வேண்டும். மிஞ்சினால் வேரிலுள்ள பழுப்பு இறங்கிச் சிவப்பைச் செங்கல் நிறமாக்கிவிடும். சோழமண்டலக் கரையில் படிகாரமும் சாயவேரும் வைத்துச் சிவப்பு ஏற்றியவர்களுக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்கு அத்துப்படி.

கடைசியில் கொதிக்கும் சூட்டை ஒட்டிய சோப்புத் தண்ணீரில் அலசி, முகப்பை வெயில் பார்க்கப் புல்தரையில் விரிப்பார்கள். வெள்ளையில் ஒட்டிய மிச்சச் சாயம் அங்கே போகும்.

பேரிமரம்:

சுவர்த்தாள் பக்கம் வருகிறேன். 1860-களின் தொடக்கத்தில் துத்தநாகத் தகட்டில் அச்சடிக்கப் பார்த்தார், சரிப்படவில்லை. பேரிமரக் கட்டைக்கு மாறி, வேலையை ஜெஃப்ரி கம்பெனியிடம் கொடுத்தார். ஒரு நிறம் அடித்துக் காய்ந்த பிறகே அடுத்தது. 1875-இல் வந்த ‘அகாந்தஸ்’ தாளுக்கு 30 கட்டைகள். கட்டையின் மூலையிலுள்ள ஊசிகள் தாளில் சிறு புள்ளி பதிக்கும். அடுத்த கட்டையை அந்தப் புள்ளியில்தான் உட்கார்த்த வேண்டும். நல்ல பிரதியில் அந்தப் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள், பூவிதழ் ஓரத்தில் ஒளிந்திருக்கும். நிறம் வஜ்ஜிரப் பசையில் கலந்தது என்பதால் ஈரத்துணி பட்டால் கரையும். பழைய தாள் வைத்திருப்பவர்கள் உலர்ந்த மென்தூரிகைக்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. அவருடைய தொடக்ககாலத் தாள்களின் பச்சையில் ஆர்செனிக் இருந்தது, சோதனையில் உறுதியானது. சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். குடும்பச் செல்வம் வந்த டெவன் செம்புச் சுரங்கம் பின்னாளில் ஆர்செனிக்கைப் பெருமளவில் எடுத்தது. அவரும் சில ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார். அவரை நேசிப்பவர்கள் இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பேரேடு:

பணக் கணக்கு சுருக்கமாக. 1861-இல் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனியை 1875-இல் தனி ஆளாக எடுத்துக்கொண்டார். நஷ்டஈடு கேட்ட மூன்று கூட்டாளிகளுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு போனது, அவர்களில் ஒருவரான ஓவியர் ரோசெட்டியுடனான நட்பும் முறிந்தது. வந்த வருமானத்தைச் சோஷலிச இயக்கத்துக்கும் அதன் ‘காமன்வீல்’ பத்திரிகைக்கும் கொட்டினார். அதற்காகத் தன் அரிய நூல்களையும் விற்றார். பழைய தேவாலயச் சுவர்ப்பூச்சைச் சுரண்டிப் ‘புதுப்பிக்கும்’ வழக்கத்தைத் தடுக்க 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் வேலை செய்கிறது. இத்தனை இருந்தும் பட்டறையில் லாபப் பங்கு மேல்நிலை ஆட்கள் சிலருக்குத்தான், மற்ற பலருக்குத் துண்டுக்கூலி. கொடையாளி என்று எழுதும்போது இந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஈய எழுத்து:

புத்தகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே! மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1891-இல் தொடங்கியது. 1896-இல் முடிந்த, பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூலில் ஓவிய நண்பர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள். தாளில் 425 பிரதி, பதப்படுத்திய தோலில் 13. தாள் பிரதிக்கு விலை 20 பவுண்டு. கென்ட்டில் ஜோசப் பேச்சலர் லினன் கந்தலிலிருந்து கையால் வார்த்த தாள் அது. கண்ணாடிப் பேழைக்குள் இருந்தாலும் சாய்வாக நின்று பாருங்கள்: எழுத்து தாளுக்குள் அமுங்கியிருப்பது தெரியும். தாளை முன்கூட்டி ஈரமாக்கி வைத்து அடித்தால்தான் கட்டியான மை இப்படி உட்காரும். ஈரம் சீராக இல்லையென்றால் ஒரே பக்கத்தில் கறுப்பு ஒரு மூலையில் திட்டாகவும் இன்னொரு மூலையில் வெளிறியும் நிற்கும்.

மை ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்தது. சாசர் தாள்கள் சிலவற்றில் எழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை கசியத் தொடங்கியது. காரணம் மையிலிருந்த எண்ணெய். அவ்வளவு பெரிய வேலை நடுவில் நின்றுவிடுமோ என்ற கவலைக்கு நடுவே கண்டுபிடித்த மருந்து வெயில்தான். தாள்களை வெளிச்சத்தில் விரித்து வைத்தார்கள், கறை வெளுத்துப் போனது.

சீட்டிக்காரி:

ஐயா, மெர்ட்டன் புல்தரையில் துணிக்குச் செய்ததும் அதேதான்!