பல்லாங்குழிக்குக் குழி போட்ட கதை: கைப்பிடி சிஎன்சி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேதாளையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மரவேலை செய்கிறேன். துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு கைப்பிடி சிஎன்சி ரவுட்டரைக் கொண்டுவந்து, தனக்குப் பொழுதில்லை என்று என் தலையில் கட்டிவிட்டுத் திரும்ப விமானம் ஏறிவிட்டான். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கம்ப்யூட்டர் வழிகாட்ட மரத்தைக் குடைந்து வெட்டுகிற மெஷின், ஆனால் மேஜை மாதிரிப் பெரியது இல்லை, சாதாரண ரவுட்டர் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவதுதான். பலகை மேல் டோமினோ கட்டை மாதிரி கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு டேப்பை வரிசையாக ஒட்டணும், மெஷினில் இருக்கிற கேமரா அதைப் பார்த்துத் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடித்துக்கொள்ளும். நம் கை கொஞ்சம் ஆடினாலும் பிட்டை, அதாவது சுழன்று வெட்டுகிற அலகை, அதுவே கோட்டுக்கு இழுத்துக்கொள்ளும், ரொம்ப விலகிப் போனால் பிட்டை மேலே தூக்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா மகள் கல்யாணச் சீரில் வைக்க ஒரு பல்லாங்குழி கேட்டார்கள். பூவரசுப் பலகை, 32 மில்லி கனம், 560 நீளம். குழி ஒவ்வொன்றும் 60 மில்லி விட்டம், 14 மில்லி ஆழம், நடுவில் 15 மில்லி இடைவெளி. வட்டத்தை மெஷினிலேயே வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் ஏழு, கீழே ஏழு வைத்துவிட்டேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆகா, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 6 மில்லி பிட்டில் ஒரு தடவைக்கு 3 மில்லிதான் இறக்கினேன், ஆகக் குழிக்கு ஐந்து சுற்று, பதினான்கு குழிக்கு எழுபது சுற்று! பாக்கெட், அதாவது அடி உள்ள பள்ளம், என்றால் ஓரத்தை மட்டும் சுற்றினால் போதாது, உள்ளே இருக்கிற மரம் முழுவதையும் மேய்ந்து எடுக்கணும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீ ஒரு குழி தோண்டுறதுக்குள்ள நான் வெத்தலை போட்டுட்டு ரெண்டு குழி உளியால தோண்டிருவேன்டா" என்றார். தோண்டியிருப்பார், அதிலும் சந்தேகமில்லை.

அடுத்த கூத்து இதுதான். குழி அடி தட்டையாக, சுவர் நேராக, கம்பெனி சாமான் மாதிரி பளிச்சென்று வந்தது. அம்மா ஐந்து புளியங்கொட்டையைப் போட்டு வழித்து எடுக்கப் பார்த்தார், இரண்டு கொட்டை மூலையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பல்லாங்குழி என்றால் விரலால் ஒரே வழிப்பில் அள்ள வரணும், அதற்குக் குழி கிண்ணம் மாதிரி இருக்கணும், இது எனக்குத் தோன்றவே இல்லை. மதுரைக்குப் போய் மூலை உருண்டையாக வெட்டுகிற பிட் வாங்கி வந்தால் அதன் தண்டு 12 மில்லி, என் மெஷினில் தண்டைப் பிடிக்கிற கவ்வி, அதாவது காலெட், 8 மில்லி. மறுபடி ஒரு நடை. கால் இஞ்ச் தண்டில் ஒன்று கிடைத்தது, அதற்கான காலெட் மச்சான் பெட்டியிலேயே இருந்தது. அதை வைத்து ஓரத்தை மட்டும் ஒரு சுற்று சுற்றினேன், மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொண்டது.

உங்களுக்கு வட்டம் வெட்டும்போது என்ன நடந்தது?

தொண்டிக்காரர் எழுதியது:

வட்டம்தானே, ரொம்பச் சுலபம் என்று நானும் நினைத்தவன்தான். விசைப்படகு ஒன்றின் வீல்ஹவுஸ் (படகு ஓட்டுகிற அறை) பேனலில் டயல் இரண்டு உட்கார 52 மில்லி ஓட்டை இரண்டு வேண்டும் என்றார்கள். 12 மில்லி மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), ஐஎஸ் 710 தர முத்திரை உள்ளது, விலை உங்களுக்கே தெரியும். வெட்டி முடித்து டயலை வைத்தால் லொடலொட என்று ஆடுகிறது. அளந்தால் 52.35! மெஷினைத் திட்டிக்கொண்டே இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் பிட்டை வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன், அது கால் இஞ்ச் பிட், அதாவது 6.35. நான் மெஷினில் 6 என்று சொல்லியிருந்தேன். அது 3 மில்லி உள்ளே தள்ளி நின்று ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறது, பிட் கூடுதலாகத் தின்றதற்கு அது என்ன செய்யும். ஓட்டைக்குக் கூடுகிற அதே அளவு வெளிவட்டத் துண்டுக்குக் குறையும், ஆகவே இரண்டையும் ஒரே தப்போடு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 0.7 மில்லி இடைவெளி வரும். இப்போதெல்லாம் கால் மில்லி மிச்சம் வைத்து முதல் சுற்று, அளந்து பார்த்து, அப்புறம்தான் கடைசிச் சுற்று.

இன்னொன்று, ஓட்டையின் உள்பக்கம் வெட்டும்போது கடிகார முள் போகிற திசையில் தள்ளுங்கள், துண்டின் வெளிப்பக்கம் என்றால் எதிர்த்திசை. மாற்றித் தள்ளினால் பிட் மரத்தில் ஏறி ஓடப் பார்க்கும், கை நடுங்கும்.

கீழக்கரைக்காரர் எழுதியது:

தொண்டி காக்கா (அண்ணன்) சொன்னது சரி. நான் சங்கு வைக்கிற பீடம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன், வட்டப் பலகை, நடுவில் பள்ளம். எனக்கு வந்த தலைவலி தூசியும் காற்றும்தான். ஆடி மாதம் கடற்கரையில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்தால் டேப் மேல் மணலும் மரத்தூளும் படியும், கேமராவுக்குக் கண் தெரியாது, வெட்டு பாதியில் நின்றுவிடும். வாக்குவம் இல்லாமல் பாக்கெட் போடவே போடாதீர்கள், பள்ளத்துக்குள் தூள் சேர்ந்தால் பிட் சூடாகி மரம் கருகும். மழைக் காலத்தில் ஈரப்பலகை மேல் டேப் ஒட்டவும் ஒட்டாது, ஓரம் கிளம்பிக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாள் தூளையும் தட்டிவிட்டுத்தான் ஒட்டணும்.

வெளிவட்டம் வெட்டும்போது டேப்பை வட்டத்துக்குள்ளேயும் ஒட்டியிருந்தேன். கடைசிச் சுற்றில் துண்டு கழன்று ஒரு மயிரிழை திரும்பியது. மெஷின் அந்த டேப்பை நம்பி வெட்ட, வட்டத்தில் ஒரு பல் விழுந்தது. இப்போது அடியில் இருபக்கப் பசை டேப் போட்டு வேஸ்ட் பலகையில் ஒட்டிவிடுகிறேன். சில நேரம் அரை மில்லி வெட்டாமல் விட்டுக் கத்தியால் அறுத்துக்கொள்வேன்.

மண்டபத்திலிருந்து ஒருவர்:

மூடி போட்ட டப்பா யாராவது செய்திருக்கிறீர்களா? ஐப்பசியில் அளவு சரியாக வந்த மூடி பங்குனியில் ஆடுகிறது. மெஷின் பிழையா?

வேதாளை:

மெஷின் பாவம், மரம்தான். மரம் நார் போகிற நெடுக்கே அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். எனவே மழையில் வெட்டிய வட்டம் கோடையில் முட்டை வடிவமாகிவிடும். என்னுடைய ஒரு மூடி அப்படித்தான், ஒரு பக்கம் திருப்பினால் உட்காரும், கால்வட்டம் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். பிளைவுட்டில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, ஒன்று மாற்றி ஒன்று குறுக்கே ஒட்டிய மரத் தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கட்டைதான் வேண்டும் என்றால் பலகையைப் பட்டறையிலேயே சில வாரம் வைத்து, நம்ம ஊர்க் காற்றுக்குப் பழக்கிவிட்டு வெட்டுங்கள், கொஞ்சம் இடைவெளியும் கொடுங்கள்.

அப்புறம், பல்லாங்குழி விஷயத்தில் நான் மறைத்த ஒன்று இருக்கிறது. பத்தாவது குழியில் பிட் மழுங்கிவிட்டதென்று மாற்றினேன். புதுப் பிட்டைப் பலகை மேல் தொட வைத்து உயரத்தை மறுபடி காட்டணும், அதை மறந்துவிட்டேன். புதியது காலெட்டிலிருந்து 2 மில்லி கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த குழிக்கு முன் கவனித்துச் சரிசெய்துவிட்டேன், ஆனால் அந்த ஒரு குழி மட்டும் 16 மில்லி ஆழம். சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.