கம்பெனிப் பணத்தில் நட்ட கன்றுகள் காடாயினவா? நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்காளர்

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு எங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தியது. முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். "வால்பாறையில் மரம் நடலாமே" என்று முதலில் சொன்னவன் நான். அதனால் நடந்ததைச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

முதல் முறை மார்ச் மாதம் போனோம். நிதியாண்டு முடிவதற்குள் பணம் செலவாக வேண்டும் என்ற அவசரம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பேனரும் தொப்பியும் மதிய உணவும் ஆயிரம் கன்றுகளுமாகப் போய் இறங்கினோம். பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர்களும் எங்களோடு சேர்ந்து குழி தோண்டினார்கள். ஜூனில் மழை பிடிப்பதற்குள் பெரும்பாலானவை கருகிவிட்டன. தப்பியவற்றை உண்ணிச்செடிக் களை மூடிவிட்டது. தான் நட்ட கன்றைத் தேடிப்போன ஒரு சிறுமி, காய்ந்த குச்சியைப் பிடுங்கிக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினாளாம். ஆசிரியை தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மறு ஆண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் போனேன். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயிலை, காபித் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாக எஞ்சிய மழைக்காட்டைச் சீர்செய்து வருகிறார்கள். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கிவந்து நாற்றாக்குகிறார்கள். வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் என்று மரங்களின் பெயர்களை அங்கேதான் கற்றேன். வெடிப்பலா இல்லாத காட்டில் சோலைமந்திக்கு வயிறு நிறைவது கடினம் என்பதும் அங்கே தெரிந்ததுதான். அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்: "கன்றுக்கு என்ன பெரிய செலவு சார், களையெடுக்கும் கூலிக்கு வழி செய்யுங்கள்."

அந்தக் கூலிக்குத்தான் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இயக்குநர்களிடம் மன்றாடினேன். மழையின் நாட்காட்டி ஜூனில் தொடங்குகிறது, எங்களுடையதோ மார்ச்சில் முடிகிறது. 2021இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு வழி கொடுத்திருக்கிறது. தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக 3 ஆண்டுகள் வரை, செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துப் பராமரிப்புக்குக் கொடுக்கலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை மேலிடத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு மனைவியோடு போயிருந்தேன். எங்கள் பணத்தில் களையெடுத்துக் காத்த வால்பாறைச் சரிவில் நிழல் விழுந்திருந்தது. பகல் பதினோரு மணிக்கும் மண் ஈரமாக இருந்தது. தலைக்கு மேலே நீராவி எஞ்சின் மூச்சுவிடுவதுபோல ஓர் ஓசை. பெரிய இருவாச்சிப் பறவை! எங்கள் மரங்களில் அது உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த பழைய அத்தியில் போய் அமர்ந்தது. கூடு வைக்கும் அளவுக்குப் பொந்து உள்ள மரம் உருவாக எத்தனை தலைமுறை ஆகுமோ! ஆனால் வேறெங்கோ பழம் தின்று அது கக்கிய கொட்டைகள் எங்கள் கன்றுகளுக்கு நடுவே விழுந்தன. என் மனைவி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, விழுந்த இடத்திலேயே வைத்தார்.

நீலகிரியிலிருந்து

ஐயா, எங்கள் அனுபவம் வேறு மாதிரி. ஒரு நிறுவனம் லாரி நிறையக் கன்றுகளோடு வந்து, "வெறும் புல்லாகக் கிடக்கிறதே, இங்கே நடுகிறோம்" என்றது. அந்தப் புல்வெளிதான் வரையாட்டின் வீடு. மலையின் மடிப்பில் சோலைக்காடு, மேட்டில் புல் என்பதே இங்குள்ள இயற்கை. சோலை மரமே ஆனாலும் புல்வெளியில் நட்டால் கேடுதான். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த சீகை (வாட்டில் என்ற அயல்மரம்) எத்தனை புல்வெளிகளை விழுங்கியது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று நிதானமாகச் சொன்னார். வந்தவர்கள் கேட்டார்கள், அதற்கு நன்றி. கன்றுகள் ஊருக்கு அருகே சிதைந்துகிடந்த ஒரு சோலையின் ஓரத்துக்குப் போயின. மீதிப் பணத்தில் சீகைக் கன்றுகளைப் பிடுங்க ஆட்களை அமர்த்தினோம். மரத்தைப் பிடுங்குகிற படத்தை ஆண்டறிக்கையில் எப்படிப் போடுவது என்று அவர்களுக்குப் பெரிய தயக்கம். போடுங்கள், அதுவும் காடு காக்கும் வேலைதான் என்றோம்.

பிச்சாவரம் பக்கத்திலிருந்து

கடற்கரைக்கு வாருங்கள் அண்ணா. எங்கள் பக்கம் அலையாத்திக் காட்டை முன்பு மொட்டையாக வெட்டியதில் நிலம் தொட்டிபோல உள்வாங்கிவிட்டது. உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் காய்ந்து உப்பு ஏறியது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் சாகும். முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடலின் ஓதநீர் ஏறி இறங்க வழி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் கொடுத்த பணம் முழுவதும் மண்வெட்டிக்கும் கூலிக்குமே போனது. நானும் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டினேன். இரண்டாம் ஆண்டு, நாங்கள் நடாத இடத்திலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் தானாக முளைத்திருந்தது. ஒரு நாள் விடியலில் அந்த வாய்க்காலில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, துடுப்பை அசைக்காமல் படகிலேயே நின்றுவிட்டேன்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்காளர்

தங்கையே, வாய்க்கால் வெட்டிய கூலிக் கணக்கு உங்களிடம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். என் பழைய நிறுவனத்தின் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. வால்பாறைச் சரிவின் களையெடுப்புக் கணக்கோடு அதையும் சேர்த்து அவர்கள் முன் வைக்கப்போகிறேன்.